கயத்தாற்றில் இறங்கி நடந்தால்

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குப் பேருந்தில் வருகிறவர்களில் பலர் கோவில்பட்டி தாண்டியதும் கண்ணயர்ந்துவிடுகிறார்கள். வெளியே பார்க்க என்ன இருக்கிறது, வெறும் பொட்டல்தானே என்பார்கள். குற்றாலத்தில் அருவி இருக்கிறது, கொடைக்கானலில் குளிர் இருக்கிறது, கயத்தாற்றில் கட்டபொம்மன் சிலை இருக்கிறது. இதற்கு மேல் இந்த வட்டாரத்தைப் பற்றி யோசிப்பவர்கள் குறைவு. படைத்தவனின் கைத்திறனைக் காட்டச் சொன்னால் நான் இந்தப் பொட்டலுக்குத்தான் ஆளை அழைத்து வருவேன். தண்ணீர் ஓடுகிற இடத்தில் காடு செழிப்பதும் அவன் செயல்தான். ஆனால் ஆண்டுக்கு 650 மில்லிமீட்டரை ஒட்டியே மழை பெய்கிற மாவட்டம் இது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். மீதி மாதங்களில் வானம் கையை விரித்துவிடும். அப்படிப்பட்ட மண்ணில் மானும் மயிலும் சோளமும் பருத்தியும் பிழைத்துக் கிடக்க என்னென்ன ஏற்பாடு செய்து வைத்திருக்கிறான் என்று பார்க்கும்போதுதான் எனக்குக் கை தானாகக் குவிகிறது.

இதைப் பார்க்கக் கார் தேவையில்லை. ஒரு தண்ணீர் போத்தல், தலைக்கு ஒரு துண்டு, பேருந்துக் கட்டணம், இவை போதும். ஜெர்மனியில் சின்னச் சின்னப் பழைய ஊர்களைச் சுற்றி இப்படித்தான் நடக்கிறார்கள். ஊர்ப் பேருந்தில் ஏறி ஒரு நிறுத்தத்தில் இறங்கி, மரத்திலும் பாறையிலும் தீட்டிய வண்ணக் குறிகளைப் பிடித்துக்கொண்டு காடு, மலை கடந்து, வேறொரு நிறுத்தத்தில் பேருந்தேறி வீடு திரும்புவார்கள். அந்நாட்டின் தென்மேற்கில் ஸ்வாபிய மலைத்தொடருக்கென்று நடைச் சங்கம் ஒன்று 1888ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. நமக்கும் நடை புதிதல்ல. திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிற கூட்டம் இந்தத் தென்மாவட்டச் சாலைகளில் ஆண்டுதோறும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. காமநாயக்கன்பட்டி பரலோக மாதா கோயிலின் ஆகஸ்ட் 15 திருவிழாவுக்கும் சனங்கள் நடந்தே வருகிறார்கள். இத்தாலியில் பிறந்து தமிழ் முனிவராகிவிட்ட வீரமாமுனிவர் ஊழியம் செய்த ஊர் அது. சாமியைப் பார்க்க நடந்த நம் கால்கள், சாமி செய்து வைத்ததைப் பார்க்கவும் கொஞ்சம் நடக்கலாம்.

கயத்தாறு அதற்கு வாகான ஊர். 1799 அக்டோபர் 16 அன்று மேஜர் பானர்மேன் மற்றப் பாளையக்காரர்களைக் கூட்டி வைத்து, அவர்கள் கண் எதிரே வீரபாண்டிய கட்டபொம்மனைப் புளியமரத்தில் தூக்கிலிட்டது இங்கேதான். நடிகர் சிவாஜி கணேசன் அமைத்த கட்டபொம்மன் சிலை இன்றும் அவ்விடத்தில் நிற்கிறது. வடக்கே கோவில்பட்டி, தெற்கே திருநெல்வேலி என்று இரண்டு பெரிய ஊர்களுக்கு நடுவில் இருப்பதால் இரு பக்கமும் பேருந்துக்குப் பஞ்சமில்லை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். சில வண்டிகள் ஊருக்குள் வராமல் நான்குவழிச் சாலையிலேயே போய்விடும். ஏறும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆகவே வீட்டுப் பெண்களும் கிளம்பலாம்.

முதலில் எங்கும் போகாமல் ஊரை ஒட்டிய கரிசல் காட்டிலேயே ஒரு நடை நடந்து பாருங்கள். சித்திரையில் அந்த நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வெடிப்புக்குள் ஒரு கம்பை விட்டால் முழுக் கம்பும் உள்ளே போய்விடும். மண் செத்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். செத்தது அல்ல அது, உழுதுகொண்டிருக்கிறது. கரிசலில் இருக்கிற நுண்களிமண்ணுக்கு மாண்ட்மோரிலோனைட் என்று பெயர். புத்தகத்தின் தாள்களைப் போல அடுக்கடுக்காக இருக்கும். மழை பெய்தால் ஒவ்வொரு தாளுக்கு நடுவிலும் நீர் புகுந்து மண் உப்பும். வெயில் காய்ந்தால் நீர் போய்ச் சுருங்கி வெடிக்கும். வெடித்த பிளவில் மேல்மண் சரிந்து உள்ளே விழும். அடுத்த மழையில் அடிமண் உப்பி மேலே தள்ளும். மாடும் வேண்டாம், டிராக்டரும் வேண்டாம். ஆண்டுக்கு ஒரு முறை இந்த நிலம் தன்னைத் தானே புரட்டிப் போட்டுக்கொள்கிறது. வயதான சம்சாரிகளுக்கு இந்த வேதியியல் பெயர் தெரியாது. ஆனால் கோடையில் வெடிக்காத கரிசலை அவர்கள் நம்ப மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தக்காணத்துக் கரிசல் எரிமலைக் குழம்பு இறுகிய கருங்கல்லிலிருந்து வந்தது. நம் பக்கம் அப்படிப்பட்ட எரிமலைப் பாறை கிடையாது. சாதாரண வரிப்பாறைதான் பல்லாயிரம் ஆண்டு இற்று, தாழ்ந்த சமவெளியில் நீர் தேங்கித் தேங்கி, இந்தக் கறுப்பு மண்ணாக ஆகியிருக்கிறது. நடக்கும்போது காலில் தட்டுப்படுகிற வெள்ளைச் சுக்கான் கற்கள் அந்த நெடிய வேலையில் உண்டான சுண்ணாம்புக் கட்டிகள். மழை நின்ற பிறகு இந்த மண் குடித்த நீரை லேசில் விடாது. அதனால்தான் மார்கழி, தை மாதங்களில் ஒரு சொட்டு மழையில்லாமல், மண்ணின் ஈரத்தையும் பனியையும் கொண்டே சோளம் கதிர் பிடிக்கிறது, மல்லி காய்க்கிறது, பருத்தி வெடிக்கிறது. கோவில்பட்டிக்கும் கயத்தாற்றுக்கும் இடையில் சாலையோரம் இடைசெவல் என்று ஒரு ஊர் வரும். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர். இந்த மண்ணிலிருந்து இரண்டு பெரிய எழுத்தாளர்கள் ஒரே தெருவாசிகள்போல எழுந்து வந்தது எனக்கு ஆச்சரியமாகப் படவில்லை. இத்தனை உயிர்ப்புள்ள மண் கதை சொல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

முதல் மழை பெய்த மறுநாள் காலையில் குனிந்து நடங்கள். கறுப்பு மண்ணின் மேல் சிவப்பு வெல்வெட் துணியில் கத்தரித்ததுபோல் ஒன்று ஊர்ந்து போகும். பிள்ளைகள் வெல்வெட் பூச்சி, பட்டுப்பூச்சி என்று சொல்லித் தீப்பெட்டியில் எடுத்து வைத்துக்கொள்ளும். கால்களை எண்ணினால் எட்டு. பூச்சியே அல்ல, சிலந்திக்குச் சொந்தக்காரன். ஆண்டில் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழித்துவிட்டு, முதல் மழையின் ஈரம் எட்டியதும் மேலே வருகிறது. சில நாள் வெளியில் உலவி, துணை தேடி, முட்டையிட்டு மறுபடியும் மண்ணுக்குள் போய்விடும். விரல் நுனியால் தொட்டால் காலையெல்லாம் உள்ளே மடக்கிக்கொண்டு செத்ததுபோல் கிடக்கும். நாம் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தால் முதலில் முன்னங்கால் இரண்டு மெல்ல நீளும், பிறகுதான் நடை. இவ்வளவு பளிச்சென்ற நிறத்தோடு வெட்டவெளியில் போகிற உயிரைப் பறவைகள் ஏன் கொத்துவதில்லை? அதன் சுவை அவற்றுக்கு ஆகாது. அந்தச் சிவப்பே எச்சரிக்கைப் பலகை. அரை விரற்கடை உயிருக்குக்கூடக் காவல் வைத்து அனுப்பியிருக்கிறான். தயவுசெய்து தீப்பெட்டி வேண்டாம். பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள். ரசாயன மருந்து ஏறிய நிலங்களில் அது இப்போதெல்லாம் அரிதாகிவிட்டது.

கரிசல் ஓரத்தில் தனியாக நிற்கிற உடைமரத்தின் கீழே உட்காராமல் எழுந்து வராதீர்கள். குடைவேல் என்றும் சொல்வார்கள். உச்சி தட்டையாக விரிந்து, நிஜமாகவே குடை பிடித்ததுபோல் நிற்கும். தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் இந்த மரத்துக்கு இயற்கையான சொந்த மண் வேறில்லை. இலை ஒவ்வொன்றும் பொடிப் பொடியான சிற்றிலைகளாகப் பிரிந்திருப்பதால் ஆடிக் காற்று அதைக் கிழிக்க முடியாது, வெயில் அதிக நீரைக் குடிக்கவும் முடியாது. கைக்கெட்டும் கிளையில் வெள்ளை முள் நீளமாக இரட்டை இரட்டையாக நிற்கும். சுருண்ட நெற்று முற்றிக் கீழே விழுந்தால் ஆடு தின்னும், விதை ஆட்டின் வயிற்று வழியாக வேறு காட்டுக்குப் போகும். நிழல், தீவனம், வேலி, விறகு எல்லாம் இந்த ஒரு மரம் கொடுத்தது. சீமைக்கருவேலம் பரவி இதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது இந்த வட்டாரத்துக்கு நேர்ந்த பெரிய இழப்பு என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது காற்று. ஆனி பிறந்துவிட்டால் கயத்தாற்றில் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் தெருவில் நடக்க வேண்டும். அரபிக் கடலிலிருந்து ஈரம் சுமந்து வருகிற தென்மேற்குக் காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை மறிக்கிறது. மழையையெல்லாம் கேரளப் பக்கம் இறக்கிவிட்டு, செங்கோட்டைக் கணவாயின் இடுக்கில் புகுந்து இந்தப் பக்கம் பாய்கிறது காற்று. மலையடிவாரத்தில் தென்காசி, குற்றாலம் வரை சாரலாகத் தூவும். கயத்தாறு வந்து சேரும்போது ஈரம் தீர்ந்து வேகம் மட்டும் மிச்சமிருக்கும். அதே காற்றைக் குற்றாலத்தில் கொண்டாடுகிறோம், இங்கே சலித்துக்கொள்கிறோம். ஆனால் இந்தக் காய்ந்த காற்றுக்கும் வேலை கொடுக்கப்பட்டிருக்கிறது. 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் தமிழ்நாட்டின் முதல் காற்றாலைகள் நடப்பட்டன. பிறகு கயத்தாற்றைச் சுற்றிக் காற்றாலைக் காடே எழுந்தது. தேசிய காற்றாற்றல் நிறுவனம் டென்மார்க்கின் உதவியோடு அமைத்த காற்றாலைச் சோதனை நிலையமும் இங்கேதான் இருக்கிறது. புதிய இயந்திரங்களின் வலுவைச் சோதிக்க நாட்டில் எத்தனையோ இடம் இருக்க, இந்தப் பொட்டலைத் தேர்ந்தெடுத்தார்கள். காற்று இங்கே அவ்வளவு நம்பகமாக வருகிறது.

கயத்தாற்றிலிருந்து கழுகுமலை போகிற பேருந்தில் ஏறினால் இந்தக் காற்றாலைகளின் நடுவிலேயே போகலாம். கம்பிமேல் பனங்காடை உட்கார்ந்திருக்கும். பறக்கும்போது அதன் சிறகின் நீலம் தெரிய வேண்டும் என்றே அவ்வளவு சாதாரணமாக உட்கார்ந்திருப்பதாக எனக்குப் படும். கழுகுமலையில் இறங்கியதும் எதிரே நிற்கிறது மலை. குடைவரையில் கழுகாசலமூர்த்தியாக முருகன் இருக்கிறான். மேலே அரைமலையில் சமணத் தீர்த்தங்கரர்களின் சிற்ப வரிசை, பலவற்றின் அடியில் வட்டெழுத்து. பக்கத்தில் வெட்டுவான் கோயில். 8ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில், பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து இறக்கிய ஒற்றைக் கல் கோயில் அது. சிகரம் முடிந்திருக்கிறது, அடித்தளம் முடியவில்லை. மிருதங்கம் வாசிக்கிற தட்சிணாமூர்த்தி அங்கே மட்டும் காணக் கிடைக்கிற அழகு.

சிற்பத்தைப் பார்த்த கண்ணோடு கல்லையும் பாருங்கள். பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான பாறை இது. வயது 50 கோடி ஆண்டுக்குக் குறையாது. மேலே கிடந்த நிலமெல்லாம் மழையிலும் காற்றிலும் கரைந்து போன பிறகுதான் இது வெளிச்சத்தையே பார்த்தது. பகலில் வெயிலில் விரிந்து, இரவில் குளிர்ந்து சுருங்கி, மேற்புறம் வெங்காயத்தோல் மாதிரி உரிந்துகொண்டே வருவதால்தான் மலை இப்படி வழவழப்பாக உருண்டிருக்கிறது. பாறைப் பள்ளத்தில் மழைநீர் தேங்கிச் சுனையாக நிற்கிறது. அதன்மேல் தும்பிகள் வட்டமிடுகின்றன. சிற்பி உளியை வைக்கும் முன்பே இந்த மலையில் வேலை நடந்துகொண்டிருந்தது. சிற்பி விட்டுப்போன இடத்திலும் அது நிற்கவில்லை. காலையில் ஏறி வெயிலுக்கு முன் இறங்கிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் வெறுங்காலை வைக்க முடியாது.

குருமலைப் பக்கமும் ஒரு நாள் போகலாம். கயத்தாற்றுக்கு வடகிழக்கே, சமவெளியில் தனியாக எழுந்து நிற்கிற காப்புக்காடு அது. புள்ளிமானும் மயிலும் உண்டு. காட்டின் ஓரத்துக் கிராமச் சாலைகளில் நடந்தாலே போதும். உள்ளே போக வனத்துறையைக் கேட்க வேண்டும். கயத்தாற்றுக்குத் தெற்கே, திருநெல்வேலிப் பேருந்தில் கொஞ்ச தூரத்திலேயே கங்கைகொண்டான் வரும். அங்கே 288 ஹெக்டேர் அளவே உள்ள சிறு காடு 2013இல் புள்ளிமான் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. லாரிகள் இரைகிற நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் மான்கூட்டம் மேய்கிறது.

திருநெல்வேலியில் வண்டி மாறித் தூத்துக்குடிச் சாலையில் போனால் வல்லநாடு. அங்கே இருக்கிறது வெளிமான். 1987இல் அறிவிக்கப்பட்ட 16.41 சதுர கிலோமீட்டர் சரணாலயம். இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழ்கிற இடங்களில் தெற்குக் கோடி இதுதான். அனுமதி வாங்கி வனத்துறை ஆளோடு விடியற்காலையில் போக வேண்டும். முதலில் ஒன்றும் தெரியாது, முட்புதரும் கல்லும்தான். பிறகு ஒரு புதர் தலையைத் திருப்பும். ஆண் மான் பிறக்கும்போது மஞ்சள் கலந்த பழுப்பு. வயது ஏற ஏற முதுகு கறுத்துக்கொண்டே வரும், வயிறு வெள்ளையாகவே இருக்கும், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். முறுக்கிய கொம்பு இரண்டும் தலைமேல் விரிந்து நிற்கும். பெண்மான்களுக்குக் கொம்பு கிடையாது. ஏதோ ஓசை கேட்டால் கூட்டத்தில் ஒன்று நின்ற நிலையிலேயே செங்குத்தாக எம்பிக் குதிக்கும். அதைப் பார்த்து மற்றதும் எம்பும். பிறகு மொத்தக் கூட்டமும் ஓட்டம் பிடிக்கும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் எடுக்கக்கூடிய கால்கள் அவை. ஓடுவதற்குத் திறந்தவெளி வேண்டும், அதனால் அடர்காடு அதற்கு ஆகாது. நாம் ஒன்றுமில்லாத இடம் என்று ஒதுக்குகிற நிலம்தான் அதற்கு வீடு. இந்தியாவின் புல்வெளிகளையெல்லாம் தரிசு என்று பதிவேட்டில் எழுதி, எடுத்துக் கொடுத்துக்கொண்டே வந்ததால்தான் வெளிமான் இவ்வளவு சுருங்கிப்போனது.

அந்தத் தரிசை நம்பித் தொலைதூரத்திலிருந்தும் வருகிறார்கள். கஜகஸ்தானின் புல்வெளிகளில் குஞ்சு பொரிக்கிற பூனைப்பருந்துகள் குளிருக்குத் தப்பி நம் சமவெளிகளுக்கு வருகின்றன. பகலெல்லாம் நிலத்தை ஒட்டித் தாழப் பறந்து வெட்டுக்கிளியும் எலியும் பிடித்துவிட்டு, மாலையில் மரத்தில் அடையாமல் புல்தரையில் கூட்டமாக இறங்கிப் படுத்துக்கொள்ளும். சோளம் முற்றுகிற காலத்தில் ரோஜா நிற உடலும் கறுப்புத் தலையுமாகச் சோளக்குருவிகள் ஆயிரக்கணக்கில் வரும். அந்தியில் அவை வானத்தில் ஒன்றாகச் சுழன்று திரும்புகிறபோது ஒன்றோடொன்று மோதி ஒரு குருவிகூட விழுவதில்லை. எந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு இத்தனை நாடு கடந்து நம் சோளக்காட்டை அடையாளம் கண்டு வருகின்றன? விஞ்ஞானம் சூரியனின் திசையையும் நட்சத்திரங்களையும் பூமியின் காந்தப்புலத்தையும் சொல்கிறது. அத்தனையையும் ஒரு கைப்பிடி உடலுக்குள் வைத்தவனை நினைத்து நான் வியக்கிறேன்.

ஒரு நாள் முழுவதும் ஒதுக்க முடிந்தால் கடற்கரை வரை போய்விடுங்கள். திருச்செந்தூர் சென்று அங்கிருந்து காயாமொழிப் பக்கம் பேருந்து பிடித்தால் தேரிக்காடு. கயத்தாற்றில் வேட்டியைப் பறித்த அதே ஆடிக் காற்று இங்கே செம்மணலைக் குவித்து மலையாக்கி வைத்திருக்கிறது. மணலை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு பரலிலும் இரும்புத் துரு மெல்லிய பூச்சாக ஒட்டியிருப்பது நிறத்திலேயே தெரியும். இடையில் கறுப்பாக மின்னுவது இல்மனைட். நேற்று நடந்த தடம் இன்று இருக்காது. காற்று அழித்து வேறு வரி எழுதியிருக்கும். இந்த மணல் மழையை ஓடவிடுவதில்லை, அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும். அடியில் இறங்கிய நீர் தாழ்ந்த விளிம்பில் ஊற்றாக வெளிவரும். மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் போய்ப் பாருங்கள். சுற்றிலும் எரிகிற செம்மணல், நடுவே சுனையும் மரநிழலும். நம் முன்னோர் அந்த நீரைக் காக்க அய்யனாரையே காவலுக்கு வைத்தார்கள். அவர்கள் செய்தது சரி.

நடைக்கு ஏற்ற காலம் ஐப்பசி மழை ஓய்ந்ததிலிருந்து மாசி வரை. மழை ஈரம் இருக்கும்போது கரிசலில் இறங்கினால் செருப்பில் மண் அப்பி ஒவ்வொரு காலும் இரண்டு கிலோ கனக்கும், அதனால் வரப்பிலும் வண்டிப்பாதையிலும் நடங்கள். வெள்ளாமைக்குள் மிதிக்காதீர்கள். யாராவது சம்சாரி எதிர்ப்பட்டால், "அண்ணாச்சி, இந்தப் பாதை எங்க போகுது?" என்று கேளுங்கள், வழியோடு பத்துச் செடியின் பெயரும் சேர்த்துச் சொல்வார். பசிக்குக் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், உறையைத் திரும்பப் பையிலேயே கொண்டு வாருங்கள்.

கயத்தாறு பேருந்து நிலையத்தில் ஒரு பலகை வைக்கலாம். எந்தப் பேருந்தில் ஏறினால் எந்த இடம், அங்கே இறங்கி எவ்வளவு தூரம் நடை, எங்கே அனுமதி வேண்டும் என்று நான்கு வரி எழுதினால் போதும். பேரூராட்சிக்கும் சுற்றுலாத் துறைக்கும் பெரிய செலவில்லாத காரியம் இது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. நிலம் வைத்திருக்கிற வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வரப்பில் ஒரு உடைமரம் தானாக முளைத்திருந்தால் இந்த ஆண்டு அதை வெட்டாமல் விடுங்கள்.